எட்டயபுரத்திலிருந்து என் மேசை வரை: வயசான காலத்தில் கட்டை படித்த கதை



போன மாதம் பேத்தி எடுத்துப் போட்ட 40 வினாடி வீடியோவைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். "சார், நீங்களா வாசிக்கீங்க?" "மாமா, இது எப்பத்துல இருந்து?" ஒருவர் மட்டும் "தாளம் கொஞ்சம் தள்ளாடுது சார்" என்று எழுதியிருந்தார். உண்மைதான். 64 வயதுக்காரன் நடந்தாலே கொஞ்சம் தள்ளாடத்தான் செய்யும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட ஆரம்பித்து, அது இப்படி நீண்டுவிட்டது. வரலாற்று வாத்தியாரிடம் நேரம் கேட்டால் கடிகாரம் கண்டுபிடித்த கதையில் இருந்துதான் தொடங்குவான். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து வாசியுங்கள்.

முதலில் வீட்டில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கீழவைப்பாரில் எங்கள் வீட்டு முன்னறையில், முன்பு நான் விடைத்தாள் திருத்திய அதே மேசையில், 61 கட்டை உள்ள ஒரு கீபோர்டு இருக்கிறது. வெள்ளை 36, கறுப்பு 25. அதிலிருந்து ஒரு யுஎஸ்பி வயர் மடிக்கணினிக்குப் போகிறது. கணினியில் சிந்தீசியா என்ற மென்பொருள். திரையின் அடியில் கட்டைகள் தெரியும். மேலேயிருந்து வண்ணப் பட்டைகள் மழை மாதிரி இறங்கி வரும். எந்தக் கட்டை மேல் பட்டை விழுகிறதோ அதை அமுக்க வேண்டும். பட்டை நீளமென்றால் நீளமாகப் பிடிக்க வேண்டும், குட்டையென்றால் சட்டென்று விட வேண்டும். வலது கைக்கு ஒரு நிறம், இடது கைக்கு வேறு நிறம். வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். தப்பாக அமுக்கினால் பாட்டு அப்படியே நின்றுவிடும், சரியான கட்டையைத் தொடும் வரைக்கும் காத்திருக்கும். கத்தாது. காதைத் திருகாது. 2006-இல் 'பியானோ ஹீரோ' என்ற பெயரில் ஒரு விளையாட்டு மாதிரி வந்தது இது. 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டை விற்ற கம்பெனி பெயரை ஆட்சேபித்ததால் சிந்தீசியா ஆனது.

காதுக்கு ஹெட்போன் மாட்டிக்கொள்வதால் வெளியே ஒரு சத்தமும் வராது. "கட்டையைத் தடவிக்கிட்டு இருக்காரு" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்களாம். பதினோரு மாதமாக இதுதான் நடக்கிறது.

இனி பழைய கதை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் கடற்கரையில் இசைக்கருவி என்றால் ஆர்மோனியப் பெட்டிதான். கோயிலிலும் பெட்டி, வாசாப்பு நாடகத்திலும் பெட்டி. வாசாப்பு பார்த்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்குத் தெரியும், விடிய விடிய அந்தப் பெட்டி ஓயாது. ஒரு தடவை வெளியூரிலிருந்து வந்த பெட்டிக்காரர் ஒருவர் வெற்றிலை போட எழுந்துபோன நேரத்தில், நான் போய் ஒரு வெள்ளைக் கட்டையை அமுக்கினேன். துருத்தி போடாமல் சத்தம் வராது என்பது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது கட்டைக்கு விரல் போவதற்குள் புறங்கையில் ஒரு அடி விழுந்தது. "தொழில் சாமானத் தொடுறியாலே?" அவர் மேல் தப்பில்லை. அது அவருடைய சோறு. ஆனால் அதற்குப் பிறகு 50 வருடத்துக்கு மேல் நான் எந்தக் கட்டையையும் தொடவில்லை.

அந்தப் பெட்டியும் நம்ம ஊர்ச் சரக்கு இல்லை. அலெக்சாண்டர் தெபேன் என்பவர் 1842-இல் பாரிசில் ஆர்மோனியம் என்ற பெயருக்கு உரிமை பதிந்தார். அது காலால் மிதிக்கும் கருவி. மிஷனரிமார் கப்பலில் கொண்டுவந்தார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிப்பது நமக்கு ஒத்துவராது என்று கண்டு, தரையில் வைத்து ஒரு கையால் துருத்தி போட்டு மறு கையால் வாசிக்கிற மாதிரி அதை மாற்றினார்கள். கல்கத்தா துவாரகாநாத் கோஷ் பெயர் அதில் முதலில் வரும். நம்ம தூத்துக்குடிச் சீமையில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மேடையில் பெட்டி இல்லாமல் ராஜபார்ட் உள்ளே வர முடியாது.

இவ்வளவு செல்வாக்கான பெட்டியை அகில இந்திய வானொலி 1940-இல் விலக்கி வைத்தது. 1971 வரை தடை. சொன்ன குற்றம் இதுதான்: ஒரு கட்டைக்கு ஒரு சுரம், அவ்வளவே. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது, அசைக்க முடியாது, கமகம் வராது. குற்றச்சாட்டு உண்மை. பியானோவுக்கும் இது பொருந்தும், என் மேசையில் இருக்கிற கீபோர்டுக்கும் பொருந்தும். ஆனால் 31 வருடம் தடை போட்டும் கோயிலில், நாடகத்தில், கட்சி மேடையில் பெட்டி வாசிப்பது நிற்கவில்லையே. குரலுக்குத் துணையாக ஒரு சுருதியைப் பிடித்து நிற்க ஏழை எளியவனுக்கு அதைவிட மலிவான வாத்தியம் கிடைக்கவில்லை. சங்கீதக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும், எனக்கு அந்தத் தடை இன்றைக்கும் பிடிக்கவில்லை.

1980-களில் கேசியோ வந்தது. வெளிநாடு போய் வந்தவர்கள் சென்ட் பாட்டிலோடும் டேப்ரெக்கார்டரோடும் அதையும் கொண்டுவந்தார்கள். எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் நமக்கு அதன் பெயர் கேசியோதான். இந்தக் கேசியோவோடு ஒரு கதை இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மேலேயிருந்து பட்டை விழ, அதைப் பார்த்துக் கட்டை அமுக்கும் வித்தை கம்ப்யூட்டர் காலத்துப் புதுமை என்று நானும் முதலில் நினைத்தேன். தேடிப் பார்த்தால் அதற்கு நூறு வயதுக்கு மேல். முதலில் பியானோ. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து மெடிச்சி குடும்பத்தாரிடம் வேலை பார்த்த கிறிஸ்டோஃபோரி செய்தது. அந்த வீட்டின் 1700-ஆம் ஆண்டுச் சாமான் பட்டியலிலேயே அது இருக்கிறது. அதற்கு முந்திய பல கட்டைக் கருவிகளில் நரம்பைச் சுண்டுவார்கள், எப்படி அமுக்கினாலும் ஒரே அளவு சத்தம்தான். கிறிஸ்டோஃபோரி சிறு சுத்தியலால் நரம்பை அடிக்க வைத்தார். மெல்லத் தொட்டால் மெல்ல, ஓங்கி அடித்தால் உரக்க. 'மெல்ல', 'உரக்க' என்று பொருள்படும் 'பியானோ', 'ஃபோர்ட்டே' என்ற இரண்டு இத்தாலியச் சொற்களையும் சேர்த்துத்தான் பெயர் வைத்தார்கள். நாளடைவில் 'உரக்க' உதிர்ந்துபோய் 'மெல்ல' மட்டும் நின்றுவிட்டது.

பிறகு 1890-களில் அமெரிக்காவில் பியானோலா வந்தது. காகிதச் சுருளில் துளை போட்டிருப்பார்கள். சுருள் ஓட ஓட, துளை வழியாகக் காற்று போய், கட்டை தானாக அமுங்கும். வாசிக்கத் தெரியாத வீட்டிலும் சங்கீதம் கேட்கும். இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. டியூக் எலிங்டன் என்ற மாபெரும் ஜாஸ் கலைஞர், இளைஞராக இருந்தபோது ஜேம்ஸ் பி. ஜான்சனின் வாசிப்பு பதிந்த சுருள் ஒன்றை மெதுவாக ஓடவிட்டு, தானாக அமுங்குகிற கட்டைகள் மேல் தன் விரலை வைத்து வைத்தே அந்த உருப்படியைப் படித்தார். வாத்தியார் அங்கே இல்லை, வாத்தியார் விரல் பட்ட தடம் மட்டும் இருந்தது. வேகத்தைப் பாதியாக வைத்து நான் செய்வதும் அதுதானே!

காகிதத் துளைக்குப் பதில் எண். 1983-இல் 'மிடி' என்ற பொது மொழி வந்தது. அந்த ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த வாத்தியக் கண்காட்சியில், போட்டிக் கம்பெனிகள் இரண்டின் கீபோர்டுகளை ஒரு வயரால் இணைத்து, ஒன்றில் அமுக்க மற்றொன்று பேசியதைக் காட்டினார்கள். அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று செய்த வேலை. யாரும் உரிமைத்தொகை கேட்கவில்லை, அதனால்தான் உலகம் முழுக்கப் பரவியது. மிடியில் சத்தமே கிடையாது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எந்தக் கட்டை, எவ்வளவு விசையாக, எப்போது விட்டான், இவ்வளவுதான் எண்ணாகப் போகும். நடுவில் இருக்கும் 'ஸி' கட்டைக்கு 60. மெல்லவும் உரக்கவும் 1 முதல் 127 வரை. கிறிஸ்டோஃபோரி மரத்திலும் தோலிலும் செய்ததை எண்ணாக மாற்றி வயரில் அனுப்புகிறார்கள்.

இசையைக் குறியாக எழுதிவிட்டால் வாத்தியார் இல்லாத இடத்திலும் அது உயிரோடு இருக்கும் என்ற இந்த ஆசை பிளாரன்சுக்கும் கலிபோர்னியாவுக்கும் மட்டும் சொந்தமா? நம்ம வீட்டுப் பக்கம் வாருங்கள். கீழவைப்பாரில் பஸ் ஏறி விளாத்திகுளம் வழியாக எட்டயபுரம் போய் அரை நாளில் திரும்பிவிடலாம். எட்டயபுரம் என்றதும் உங்களுக்குப் பாரதிதான் நினைவுக்கு வருவார், நானும் அப்படித்தான் பாடம் நடத்தினேன். இன்னொரு பாடம் விட்டுப்போனது.

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். அன்றைக்கு வயலின் முழுக்க அந்நிய வாத்தியம். அதை நம் பாட்டுக்குப் பழக்கினார். 1824-இல் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் ஆனார். அண்ணன் முத்துசுவாமி தீட்சிதரோ, கம்பெனி பேண்டு வாத்தியத்தில் கேட்ட வெள்ளைக்கார மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதியவர். சுமார் 40 உண்டு, 'நோட்டு சுரம்' என்பார்கள். பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டுகூட அதில் இருக்கிறது. அவர் 1835-இல் காலமானதும் எட்டயபுரத்தில்தான். ஆக, ஒரு கட்டைக்கு ஒரு சுரம் என்கிற சங்கீதம் இந்தக் கரிசல் காட்டுக்கு இருநூறு வருடத்துப் பழக்கம்.

பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரன், பிறகு அவருக்கே சுவீகாரப் பிள்ளையான சுப்பராம தீட்சிதர். அவரைத் தேடி வந்தவர் ஏ. எம். சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர். நம் கீர்த்தனைகளை மேல்நாட்டு ஐந்து கோட்டு முறையில் அச்சடித்தால் உலகமே வாசிக்கும் என்று நம்பி, 1892-93-இல் அதை வெளியிடவும் செய்தார். சொந்தக் காசு கரைந்தது, கண் பார்வையும் மங்கியது. தன்னால் முடியாததை நீங்கள் முடித்துக் கொடுங்கள் என்று சுப்பராம தீட்சிதரிடம் மன்றாடினார். பரம்பரைச் சொத்தை அச்சில் கொட்ட அவருக்கு முதலில் மனமில்லை. எட்டயபுரம் அரசரும் எடுத்துச் சொன்ன பிறகு இசைந்தார். 1904-இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. தெலுங்கு எழுத்தில், ஆயிரத்து எழுநூறு பக்கம் அளவில். அதில் சுரத்தோடு நிற்கவில்லை. இங்கே அசைக்க வேண்டும், இங்கே வழுக்க வேண்டும் என்று கமகத்துக்கெல்லாம் தனித்தனிக் குறி போட்டு, அதற்கென்றே அச்செழுத்து செய்ய வைத்தார். ஒரு கட்டைக்கு ஒரு சுரம் என்று 1940-இல் வானொலிக்காரர் குறை சொன்னார்களே, அந்தக் குறையைக் காகிதத்தில் தீர்க்க 36 வருடம் முந்தியே நம்ம பக்கத்து ஊரில் உட்கார்ந்து ஒருவர் குறி போட்டிருக்கிறார். 33 வருடம் வரலாறு நடத்திய நான் இதைப் போன வருடம்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, குறி பார்த்துப் படித்தால் வித்தை வந்துவிடுமா? என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

நான் முதலில் எடுத்தது பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் வரும் ஆனந்தப் பாட்டின் மெட்டு. படிக்கிறவர்கள் எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். கிட்டத்தட்ட ஐந்தே சுரம், கை நகராமல் வாசிக்கலாம். (அது வியன்னாவில் அரங்கேறியதும் 1824-இல்தான். பாலுசுவாமி எட்டயபுரத்தில் ஆஸ்தான வித்துவான் ஆன அதே வருடம். தேர்வுக்கு வராது, சும்மா தெரிந்துகொள்ளுங்கள்.) மூன்றாம் மாதத்தில் தப்பில்லாமல் வாசித்தேன். ஒரு நாள் கரண்டு போய், மடிக்கணினியும் அணைந்துவிட்டது. கீபோர்டு மட்டும் பேட்டரியில் ஓடியது. சரி, திரை இல்லாமல் வாசிப்போம் என்று கை வைத்தால் நாலு சுரத்துக்கு மேல் போகவில்லை! அத்தனை நாளும் நான் படித்தது பட்டை விழுவதை. பாட்டைப் படிக்கவே இல்லை.

அன்றைக்கு இருட்டில் உட்கார்ந்திருந்தபோது சவேரியார் நினைவு வந்தது. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று இந்த முத்துக்குளித்துறைக்கு 1542-இல் அவர் வந்தபோது வயது 36. தமிழ் தெரியாது. மொழி தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, ஒலியாகவே மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தார். சில வருடம் கழித்து வந்த ஹென்றிக்கஸ் அடிகளார் வேறு வழியில் போனார். வினை எப்படித் திரிகிறது, வேற்றுமை எப்படி ஏறுகிறது என்று குறித்துக் குறித்து, போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு ஒரு இலக்கணமே எழுதினார். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது, வெறும் 16 பக்கம். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்றும் கிடைக்கிற முதல் நூல் அதுதான். இரண்டு பேரும் வளர்ந்த பிறகு படித்தவர்கள். நான் மூன்று மாதமாகச் சவேரியார் வழியில் போயிருக்கிறேன். சவேரியாருக்கு அது போதும், அவருக்கு வேலை அவசரம். எனக்கு என்ன அவசரம்?

மறுநாள் ஒரு கோடு போடாத நோட்டு வாங்கி, அந்த மெட்டைச் சரிகம என்று கையால் எழுதினேன். வாயால் பாடினேன். திரையைத் திருப்பி வைத்துவிட்டு வாசித்தேன். ஒரு மாதம் ஆயிற்று. மெதுவாகத்தான் வந்தது, ஆனால் கரண்டு போனாலும் இப்போது போகாது.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். மென்பொருளுக்கு என் விரல் தெரியாது. சரியான கட்டையை மூக்கால் அமுக்கினாலும் பச்சை விளக்கு காட்டும். கட்டைவிரலை மற்ற விரலுக்கு அடியில் நுழைத்துக் கையை நகர்த்த வேண்டும் என்பதே தெரியாமல், ஆள்காட்டி விரலால் கோழி கொத்துகிற மாதிரி கொத்திக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் வலி. தூத்துக்குடியில் பியானோ சொல்லிக்கொடுக்கும் ஒரு தங்கச்சி, பேத்தியின் சிநேகிதி, வீடியோவில் பத்து நிமிடம் பார்த்தார். "சார், நாற்காலி தாழ்வா இருக்கு. முழங்கை கட்டை மட்டத்துக்கு வரணும்" என்றார். ஒரு தலையணையைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் வலி போயிற்று. யாராவது ஆரம்பிப்பதாக இருந்தால் மாதம் ஒரு தடவையாவது ஒரு ஆளிடம் கையைக் காட்டுங்கள். கீபோர்டு வாங்கும்போது, மெல்லத் தொட்டால் மெல்ல ஒலிக்கிறதா என்று கடையிலேயே அமுக்கிப் பாருங்கள். கடற்கரைக்காரர்கள் வாசித்து முடித்ததும் பழைய வேட்டியைப் போட்டு மூடி வையுங்கள், உப்புக் காற்று உள்ளே போனால் கட்டை ஊமையாகிவிடும்.

"வயசான பிறகு வருமா சார்?" என்று கேட்டவர்களுக்கு ஒரே ஒரு பெயர். பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குப் போன இளையராஜா, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோவும் மேல்நாட்டுக் குறிமுறையும் படிக்க உட்கார்ந்தபோது சின்னப் பிள்ளை இல்லை, வயது 25 ஆகிவிட்டது. பியானோ உலகத்தில் அது மிகவும் பிந்திய வயது. அதற்கு முன்னால் அண்ணன் பாவலர் வரதராஜன் கச்சேரியில் கூடவே போய்ப் பெட்டியைப் பார்த்து வளர்ந்தவர். அவர் மேதை, நான் அப்படி இல்லை, அந்த ஒப்பீடு வேண்டாம். 25 பிந்திவிட்டது என்று தன்ராஜ் மாஸ்டர் திருப்பி அனுப்பவில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் திருப்பி அனுப்பினேன்.

கேசியோ கதை இதுதான். 1990-களின் தொடக்கம். நான் அப்போது வேலை பார்த்த பள்ளிக்கு யாரோ ஒரு பழைய மாணவர் கேசியோ ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். ஆண்டு விழாவுக்கு வாசிக்க ஆள் வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். அப்பா வள்ளத்துக்குப் போகிறவர், இவனும் லீவு நாளில் கூடப் போவான். "சார், நான் படிச்சுக்கிறேன் சார்" என்றான். நான் அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். "வலை இழுக்கிற கைல. இது மடங்காது. இதெல்லாம் அஞ்சு வயசுல ஆரம்பிக்கணும், போ" என்றேன். பக்கத்தில் இருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனுக்கு அப்போது 14 வயது. வெளியூர்ப் பெட்டிக்காரர் என் புறங்கையில் அடித்தது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவே இல்லை. வந்திருந்தாலும் அவருக்குத் தொழில் சாமான் என்ற காரணமாவது இருந்தது. அந்தக் கேசியோ பள்ளியுடையது. வேறு யாரும் முன்வராததால் விழாவில் அது வாசிக்கப்படவே இல்லை.

அந்தப் பையன் இன்று கப்பலில் இருக்கிறான். போன வருடம் விடுமுறையில் வந்தவன், ஒரு நீளமான அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "சார், ரிட்டயர்டு ஆயிட்டு சும்மாதான் இருப்பீங்க. நான் கேபின்ல இதை வச்சுத்தான் படிச்சேன். புதுசு ஒண்ணு வாங்கிட்டேன், இது உங்களுக்கு." வயரைச் செருகி, மென்பொருளை ஏற்றி, வேகத்தை எப்படிக் குறைப்பது என்று காட்டிக் கொடுத்தான். பிறகு ஒரு தடவை அவனே வாசித்தான். இரண்டு கையும் வாசித்தது. பழைய பேச்சை அவன் எடுக்கவில்லை. மறந்துவிட்டானா, மறக்காமலா என்று அவன் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் கேட்கவில்லை. டீ குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவன். பெயர் போடவில்லை, அவனுக்கே தெரியும். அன்றைக்கு ஆசிரியர் அறையில் நாலு பேர் முன்னால் சொன்னேன், அதனால் இதையும் உங்கள் எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டும். அது தப்பு, மக்கா. என்னை மன்னித்துக்கொள்.

என் இடது கை இன்னும் வரவில்லை. வலது கை ஓடும்போது அதுவும் கூடவே ஓடுகிறது, தனியாக நிற்க மாட்டேன் என்கிறது. டிசம்பரில் அவன் விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். கீபோர்டு நீளமாகத்தான் இருக்கிறது, இரண்டு பேர் உட்காரலாம். இடது கைப் பகுதியை நீ எடுத்துக்கொள். மேல் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன், வேகத்தை மட்டும் பாதியில் வை.